சாமான் லிஸ்டில் சிவப்பு மை

ஏமாறாதவள் என்று எங்கள் சொந்தத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. காய்கறிக்காரர் தராசைத் தூக்கும்போதே என் கண் முள்ளில் இருக்கும். ஆட்டோவில் கால் வைக்கும் முன்பே இறங்குமிடத்தில் என்ன கொடுப்பேன் என்று சொல்லிவிடுவேன். இருபது வருஷமாக உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். கூட்டல் கழித்தலில் என்னிடம் எவரும் விளையாட முடியாது என்று ஒரு திமிர். திமிர் என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அதைச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அல்லிநகரத்தில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு மாடி எடுத்தோம். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் மேலே போய்விடுவதாக ஏற்பாடு. கொத்தனார், ஆசாரி எல்லாம் என் வீட்டுக்காரர் பிடித்த ஆட்கள். வயரிங் வேலைக்கு மட்டும் நான் ஆள் சொன்னேன். என் அப்பாவின் பங்காளி மகன், எனக்கு அண்ணன் முறை. ஓடைப்பட்டிக்காரர். அங்கே திராட்சைத் தோட்டத்தில் மோட்டார் நின்றுபோனால் முதல் போன் அவருக்குத்தான் போகும். லைசென்ஸ் வைத்திருப்பவர், ஐம்பது தாண்டியவர், நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவார். சின்ன வயதிலிருந்தே என்னை ‘ஆத்தா’ என்றுதான் கூப்பிடுவார்.

வேலை தொடங்கிய அன்றே கூலிப் பேச்சை எடுத்தேன்.

“அண்ணே, கூலி எம்புட்டுன்னு இப்பவே சொல்லிருங்க. பின்னாடி ஒரு வருத்தம் வரக் கூடாது.”

“நீ பார்த்துக் குடு ஆத்தா. ஒங்கிட்டப் போயி நான் என்னத்தப் பேசுறது.”

விளக்கோ விசிறியோ பிளக்கோ மாட்டுகிற ஒவ்வொரு இடத்தையும் பாயிண்ட் என்பார்கள். பாயிண்டுக்கு இவ்வளவு என்று தேனியில் ஒரு கூலி நடப்பில் உண்டு. அது எனக்குத் தெரியாமல் இல்லை. மூன்று பேரிடம் விசாரித்து வைத்திருந்தேன். ‘பார்த்துக் குடு’ என்ற மனிதரிடம் அதில் பாதியைச் சொன்னேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு, சாக்பீஸை எடுத்துச் சுவரில் கோடு போடத் தொடங்கினார்.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் இதைப் பெருமையாகச் சொன்னேன். தாயும் பிள்ளையும் ஒன்றானாலும் வாயும் வயிறும் வேறு என்று பழமொழி வேறு. அண்ணனுக்கும் ஒரு வாயும் வயிறும் இருக்கின்றன என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

சாமான் எல்லாம் அவரே வாங்கி வந்தார். வயர், பைப், சுவிட்ச், பிரேக்கர்கள் வைக்கிற டி.பி. பாக்ஸ். ஒவ்வொரு தடவையும் கோடு போட்ட தாளில் குண்டு குண்டான எழுத்தில் லிஸ்ட் எழுதி, விலை போட்டு, கீழே கூட்டித் தருவார். கூட்டல் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அதனால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை.

ஒருநாள் பெரியகுளம் ரோட்டில் ஒரு கடையில் கீழ் வீட்டுக்கு பல்பு வாங்கப் போனேன். அவர் வாங்கி வந்த அதே டி.பி. பாக்ஸ் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. சும்மா விலை கேட்டேன். அவர் லிஸ்டில் போட்டதைவிட நன்றாகக் குறைவு. வீட்டுக்கு வந்ததும் லிஸ்டுகளைத் தேடி எடுத்தேன். அந்தச் சனிக்கிழமை நோட்டுடன் கடைக்குப் போய் வயரிலிருந்து ஆணிவரை ஒவ்வொன்றாக விலை கேட்டு எழுதி வந்தேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கூட வைத்திருந்தார்.

அன்று எனக்கு வந்தது கோபம் என்று சொன்னால் பொய். சந்தோஷம். பரீட்சை ஹாலில் பிட்டுத் தாளைப் பிடித்தால் வருமே, அந்தச் சந்தோஷம். பரீட்சைத் தாள் திருத்துகிற சிவப்புப் பேனாவை எடுத்து, அவர் எழுதிய விலைகளை அடித்து, பக்கத்தில் கடை விலையை எழுதினேன். கடைசித் தாளின் மூலையில் ஒரு வட்டம் போட்டு மார்க்கும் போட்டேன். நூற்றுக்கு முப்பது.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, “விடும்மா, தேனெடுக்கிறவன் பொறங்கைய நக்காமலா இருப்பான்” என்றார்.

“நக்கட்டும். அண்ணன்னு சொல்லிக்கிட்டு நக்கக் கூடாது” என்றேன்.

அண்ணனிடம் நேராகக் கேட்டிருக்கலாம். தினமும் காலை ஒன்பது மணிக்கு வந்து சாயங்காலம் வரை என் வீட்டில்தான் நின்றார். நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். ‘என்னண்ணே, விலையெல்லாம் ஒரு மாதிரி இருக்கே’ என்று டம்ளரை நீட்டும்போது கேட்டிருந்தால், அவரும் ஏதாவது சொல்லியிருப்பார், இரண்டு பேரோடு முடிந்திருக்கும். கேட்கவில்லை. லிஸ்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். என்றைக்காவது பயன்படும் என்று ஒரு எண்ணம். நல்ல எண்ணம் இல்லை.

இதற்கிடையே ரிப்போர்ட் விஷயம் வந்தது. மாடிக்குத் தனி மீட்டர் வேண்டுமென்றால், வயரிங் சரியாக இருக்கிறது, எர்த் சரியாக இருக்கிறது என்று வேலை பார்த்தவர் சோதித்துக் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கேட்டேன். “பால் காய்ச்சுற அன்னைக்குத் தாரேன் ஆத்தா” என்றார். ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். அதே பதில். மூன்றாவது தடவையும் அதேதான். கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி, “அதக் கையில வச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தக் கறப்பாங்க” என்றாள். எனக்கு அது பொருத்தமாகத்தான் பட்டது. விலையில் கை வைத்தவர் இதில் மட்டும் வைக்காமலா இருப்பார்.

புதுமனை புகுந்த அன்று அறுபது பேர் இருப்பார்கள், மாடி ஹாலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். பால் காய்ச்சியாகிவிட்டது. கீழே இலை போட ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் பக்கம் சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டைக் கட்டிக்கொடுத்தவர்களைச் சபையில் கூப்பிட்டு, வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு, ஒரு கவர் எல்லாம் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள். என் சித்தப்பா பெரிய மனிதராக முன்னால் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். கொத்தனார் வாங்கினார், ஆசாரி வாங்கினார், பெயிண்டர் வாங்கினார். பிறகு அண்ணன் எழுந்து வந்தார். அவர் வெள்ளைச் சட்டை போட்டு நான் பார்த்தது அன்றுதான். கக்கத்தில் ஒரு மஞ்சப்பை வைத்திருந்தார்.

“இவன் வெறும் எலக்ட்ரீஷியன் இல்ல, அண்ணங்காரன்” என்றார் சித்தப்பா. “கவர்ல கூட ஒரு ஆயிரம் வையி ஆத்தா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் தட்டைக் கொடுத்திருக்கலாம்.

“அண்ணன் எனக்கு அந்தக் கஷ்டத்தயெல்லாம் வைக்கல சித்தப்பா. சாமான்லயே எடுத்துக்கிட்டாக.”

இதற்கும் சிரிப்பு வந்தது. முதல் சிரிப்பைவிடப் பெரிது. சிரிப்பு வந்தால் வகுப்பிலும் எனக்கு வாய் நிற்காது. கைப்பையைத் திறந்து லிஸ்டை எடுத்து விரித்துக் காட்டினேன். “கணக்கு டீச்சர் வீட்டுலயே கணக்க மாத்திட்டாக. நூத்துக்கு முப்பதுதான் போட்டிருக்கேன்.”

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு லிஸ்டை வாங்கிச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். டி.பி. பாக்ஸ், அவர் போட்டது இவ்வளவு, கடையில் இவ்வளவு. வயர், அவர் போட்டது இவ்வளவு. நாலாவது சாமானில் சிரிப்பு நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. “ரிப்போர்ட்டையும் இன்னும் தரல. அதுக்கு எம்புட்டு வச்சிருக்காகளோ” என்றேன்.

தட்டை வாங்குவதற்காக அண்ணன் நீட்டிய கை அப்படியே இருந்தது. அதை மெதுவாக இறக்கினார். மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து, தட்டிலிருந்த வேட்டியின் மேல் வைத்தார்.

“எல்லாம் இதுக்குள்ள இருக்கு” என்றார்.

வேறொன்றும் சொல்லவில்லை. படி இறங்கிப் போனார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு பின்னாலேயே போனார். என் வீட்டுக்காரர் கீழே ஓடினார். அதற்குள் அவர்கள் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்கள். இரண்டு பேரும் என் வீட்டில் கை நனைக்காமல் போனார்கள். அப்போதும் எனக்கு வெட்கம் வரவில்லை. நல்ல நாளும் அதுவுமாக இப்படி முகத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்களே என்று எரிச்சல்தான் வந்தது.

கூட்டம் போனபிறகு மத்தியானம் ஃபைலைத் திறந்தேன். முதலில் ரிப்போர்ட். எல்லாம் நிரப்பி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்து இருந்தது. அதன் கீழே மடித்த பெரிய தாள். என் மாடியின் படம். சுவருக்குள்ளே எந்தப் பைப் எங்கே ஓடுகிறது, எந்த வயர் எங்கே பிரிகிறது என்று கலர் கலராக ஸ்கெட்ச் பேனாவில் வரைந்து, எந்தப் பிரேக்கர் எந்த அறைக்கு என்று எழுதி, ஆணி அடிக்கக் கூடாத இடங்களில் பெருக்கல் குறி போட்டிருந்தார். இப்படி ஒரு படத்தை யாரும் கேட்பதில்லை, யாரும் கொடுப்பதும் இல்லை. வாரண்டி கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்திருந்தார். ஒவ்வொரு கார்டோடும் கடை பில்லைப் பின் அடித்திருந்தார்.

கடை பில். அவர் வாங்கிய உண்மையான விலை. என் பெயரிலேயே போட்டு வாங்கியிருந்தார்.

நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்த் துப்பறிந்த விஷயத்தை அந்த மனிதர் தானே பின் அடித்து என் கையில் கொடுத்திருக்கிறார். ஒளித்து வைக்கிறவன் இதைச் செய்வானா?

தாளின் ஓரத்தில் எர்த் குழியையும் வரைந்திருந்தார். பின்பக்கம் பாறை குறுக்கிட்டதால் இடம் மாற்றி இன்னொரு குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு நிரப்பினார். இரண்டு நாள் வேலை. நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அந்த இரண்டு நாளுக்கு அவர் எந்த லிஸ்டிலும் எதுவும் போடவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததே கூட்டல்தான். கூட்டினேன். நான் கொடுத்த பாதிக் கூலியும், சாமானில் அவர் கூட வைத்ததும் சேர்ந்தால்கூட ஊரில் நடப்பில் உள்ள கூலிக்குக் குறைவாகத்தான் வந்தது. இரண்டாம் தடவை கூட்டினேன். அதேதான் வந்தது.

“ரிப்போர்ட் சரியா இருக்கா?” என்று வீட்டுக்காரர் கேட்டார்.

“சரியா இருக்கு” என்றேன். வேறெதுவும் அவரிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை ரிப்போர்ட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு தடங்கலும் இல்லாமல் மீட்டர் வந்தது.

அன்றே போன் பண்ணியிருக்க வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அப்படியே சித்திரை வந்து, வீரபாண்டித் திருவிழாவும் வந்தது. கோயில் கூட்டத்தில் சித்தப்பாவைப் பார்த்தேன். சின்னமனூரில் தன் மகனுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தோளில் தட்டினார்.

“நல்லவேளை, நீ சபையில போட்டு ஒடச்ச. அவனுக்குத்தான் அட்வான்ஸ் குடுக்க இருந்தேன். வேற ஆளு பார்த்துட்டேன். ஒன் பெரியப்பா மகனும் தன் வீட்டு வேலைக்கு அவன் வேண்டாம்னு சொல்லிட்டானாம்.”

அப்போது அங்கேயே சொல்லியிருக்கலாம். ராட்டினச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும், அவர் ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம். நான் சிரித்து வைத்தேன். பாராட்டு வாங்கிக்கொண்டு சிரித்தேன். நாலு பேரிடம் போய் நின்று வேலை கேட்டு வாங்கும் பழக்கம் அண்ணனுக்குக் கிடையாது. ஒரு வீட்டில் பார்த்து இன்னொரு வீட்டில் கூப்பிடுவார்கள், அதுதான் அவர் பிழைப்பு. அந்தக் கண்ணியை நான் அறுத்துவிட்டேன் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடைப்பட்டிக்குப் போனேன். வீட்டுக்காரரைக் கூட்டிப் போகவில்லை. அதே வேட்டி, அதே துண்டு, கவரில் ஊர்க் கூலியில் குறைந்துபோன மிச்சப் பணமும் எர்த் குழிக்கான பணமும். வாசலில் பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வாங்க டீச்சர்” என்றார்.

நாற்பது வருஷமாக ‘ஆத்தா’ என்று கூப்பிட்ட வாய். நான் அங்கேயே திரும்பி பஸ் ஏறியிருப்பேன். அதற்குள் அவர் மனைவி நாற்காலி கொண்டுவந்து போட்டு, ஒரு தட்டில் திராட்சை வைத்தார். வந்தவர்களை எப்படி நடத்துவது என்று அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

“அண்ணே, நான் பண்ணுனது தப்பு” என்றேன். “பில்லெல்லாம் பார்த்தேன். நீங்க ஏன் அன்னைக்கே கூலியக் கூட்டிக் கேக்கல?”

கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

“மொறை இருக்குற வீட்டுல கூலி கேக்க வாய் வராது டீச்சர். கேட்டா, இவன் நம்மகிட்டயே கேக்குறான்பாக. அதுனால சாமான்ல நாலு காசு வைப்பேன். முடிவுல பில்லயும் சேத்துக் குடுத்துருவேன். யாரும் கேட்டதில்ல. தெரிஞ்சுதான் குடுக்காகன்னு நெனச்சுக்கிருவேன். எல்லா லைட்டும் போட்டு, வீட்டுல வெளக்கேத்துன அன்னைக்கு அந்த ஃபைல தட்டுல வச்சுக் குடுக்குறது என் வழக்கம். அதான் முன்னாடி தரல.”

இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் சபையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு. சம்பளக்காரியாகி டவுனுக்குப் போன எனக்கு மட்டும் தெரியவில்லை. அல்லது, பாதிக் கூலி சொன்னபோது தெரிந்திருந்தது, லிஸ்டைப் பார்த்தபோது தெரியாமல்போய்விட்டது.

வேட்டியையும் கவரையும் கொண்டுபோன தட்டில் வைத்து நீட்டினேன். “இத வாங்கிக்கிடுங்கண்ணே. என்னை மன்னிச்சிருங்க.”

அவர் கை நீட்டவில்லை.

“எனக்கு ஒங்க மேல கோவம் இல்ல. ஆனா சொன்னத சபையில சொன்னீக. தப்புன்னு இப்ப என் வாசல்ல வந்து சொல்றீக. இங்கன யாரு இருக்கா, என் வீட்டுக்காரியத் தவிர?”

நீட்டிய தட்டை மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

“வீட்டுல ஏதும் கோளாறு வந்தா பயப்படாதீக. படம் இருக்கு, எந்த ஆளு வந்தாலும் பார்த்துக்கிரலாம்” என்று சொல்லிவிட்டு மோட்டார் பக்கம் திரும்பினார்.

சபையில் சொல்ல எனக்கு ஒரு நாள் கிடைக்காமலும் போகவில்லை. ஆவணியில் சின்னமனூரில் சித்தப்பா மகன் வீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். அதே சொந்தம், அதே ஜமக்காளம். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று பாடம்போலச் சொல்லிப் பார்த்திருந்தேன். ‘அன்னைக்கு நான் சொன்னது தப்பு. அண்ணன் எங்கிட்ட அதிகமா ஒரு பைசா எடுக்கல. நான்தான் அவருக்குக் கொறையக் குடுத்தேன்.’ மூன்று வரிதான். புது எலக்ட்ரீஷியன் தட்டு வாங்க வந்தபோது நான் எழுந்தும்விட்டேன். சித்தப்பா பார்த்துவிட்டார்.

“ஏப்பா, சூதானமா நில்லு. எங்க டீச்சரு எந்திரிச்சிருச்சு. லிஸ்டு எடுத்துறப் போகுது.”

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். சேலையைச் சரிசெய்வதுபோலச் சரிசெய்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு கீழே போய், இலையில் வைத்ததை எல்லாம் சாப்பிட்டேன். பாயசம் இரண்டாம் தடவையும் வாங்கினேன்.

போன மாதம் மழை பெய்த ஒரு காலையில், மாடியில் கரண்ட் மறுபடி மறுபடி கட் ஆனது. பிரேக்கரைத் தூக்கிவிட்டால் விழுந்துகொண்டே இருந்தது. பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரச் சொன்னேன். தலை நரைத்த மனிதர். முன்பின் தெரியாதவர். டி.பி. பாக்ஸைத் திறந்தார். ஒவ்வொரு பிரேக்கருக்குக் கீழும் அண்ணனின் குண்டு எழுத்து இருந்தது. ஹால், சமையல், மேல் பாத்ரூம். நான் ஃபைலைக் கொண்டுவந்து படத்தை விரித்துக் காட்டினேன். அவர் அதன்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனார். கால் மணி நேரத்தில் கோளாறு பாத்ரூம் ஹீட்டரில் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் கழற்றிவிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“இப்படி வரைஞ்சு குடுத்து நான் பார்த்ததே இல்ல மேடம். யாரு பார்த்த வேலை?”

ஹாலில் என்னையும் அவரையும் தவிர யாரும் இல்லை. மூன்று வரியைச் சபையில் சொல்ல வராத வாய்க்கு அப்போது தயக்கமே இல்லை.

“எங்க அண்ணன்” என்றேன்.

அவர் படத்தை மடிப்பு மாறாமல் மடித்து என்னிடம் நீட்டினார்.

“அப்ப அவுகளையே கூப்பிட்டிருக்கலாமே மேடம்” என்றார்.